குழாய் தெரிகிறது, ஓட்டம் தெரிகிறதா?

ஆஞ்சியோ முடித்து வெளியே வரும் குடும்பத்தாரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், முதலில் வருவது ஒரு சதவீதக் கணக்கு. "மூன்று இடத்தில் அடைப்பாம். ஒன்று எண்பது, ஒன்று எழுபது, இன்னொன்று ஐம்பது." பரீட்சை மதிப்பெண் போல அந்த எண்கள் அன்று மாலைக்குள் உறவினர் வட்டாரம் முழுவதும் பரவிவிடும். எண்பது என்றால் ரத்தத்தில் எண்பது பங்கு நின்றுவிட்டது, மிச்சம் இருபது பங்குதான் போய்க்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலானோர் புரிந்துகொள்கிறார்கள்.

அந்த எண் அதைச் சொல்லவில்லை. இதய ரத்தக்குழாயின் உள்விட்டம் அந்த இடத்தில் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, பல நேரம் வெறும் கண்மதிப்பில், சொல்லப்படுவது அது. அதன் வழியே எவ்வளவு ரத்தம் போகிறது என்பது தனிக் கேள்வி. அதற்கான பதில் அந்தப் படத்தில் எழுதியிருக்கவில்லை.

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் படிக்கிறோம். காவிரியைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு யாரும் அதைச் சொல்வதில்லை. ஆற்றின் குறுக்களவு, நீரின் வேகம், நீர்மட்டம் என்று வேறு சிலவற்றை அளந்து, அவற்றிலிருந்து கன அடிக்கு வந்து சேர்கிறார்கள். உடம்புக்குள்ளும் இதே கதைதான். ரத்த ஓட்டத்தை நேராகப் பிடித்து அளக்கும் கருவி என்று ஏறக்குறைய எதுவுமே கிடையாது. ஒலியின் அதிர்வெண், ஆக்சிஜன், வெப்பம், மின்னழுத்தம், காந்தப்புலம் என்று கைக்கு அகப்படுகிற வேறு ஒன்றை அளக்கிறோம். ஓட்டத்தைக் கணக்கில் வரவழைக்கிறோம். நானூறு ஆண்டுகளாக இந்தத் துறையில் நடந்த புத்திசாலித்தனம் எல்லாம் எதை அளப்பது என்று கண்டுபிடித்ததில்தான் இருக்கிறது.

முதல் கணக்கு எந்தக் கருவியும் இல்லாமல் போடப்பட்டது. ரத்தம் கல்லீரலில் ஊறி, உறுப்புகளுக்குப் போய்ச் செலவழிந்துவிடுகிறது என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. 1628இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு பெருக்கலைச் செய்து பார்த்தார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் ரத்தம், அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு என்று வேண்டுமென்றே குறைத்துப் போட்டாலும் 500 அவுன்ஸ், அதாவது சுமார் 15 கிலோ வருகிறது. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தைவிட அதிகம். அரை மணிக்கு ஒருமுறை இவ்வளவையும் உண்ட சோற்றிலிருந்து யாரால் உண்டாக்க முடியும்? அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது. (உண்மையில் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அளவு வெளியேறுகிறது, ஹார்வி கணக்கில் காட்டிய கஞ்சத்தனம் அவருடைய வாதத்துக்குப் பலம்தான் சேர்த்தது.) நூறு ஆண்டு கழித்து ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. அழுத்தத்துக்கு ஓர் எண் கிடைத்தது, ஓட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

ஓட்டத்துக்கு வழி சொன்னவர் அடால்ஃப் ஃபிக். 1870இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டத்தில் சில வரிகளில் சொல்லி முடித்த யோசனை அது. நுரையீரலிலிருந்து உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலுக்குள் நுழையும் ரத்தத்தில் லிட்டருக்கு 150 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது, வெளியேறும் ரத்தத்தில் 200. அப்படியானால் ஒவ்வொரு லிட்டர் ரத்தமும் 50 மில்லிலிட்டரைச் சுமந்து செல்கிறது. 250 மில்லிலிட்டரைச் சுமக்க 5 லிட்டர் ரத்தம் வேண்டும். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைக்கிறது. அவ்வளவுதான். லாரி ஒன்றுக்கு எத்தனை மூட்டை என்பதும் கிடங்குக்கு வந்த மொத்த மூட்டையும் தெரிந்தால் எத்தனை லாரி வந்தது என்று சொல்லிவிடலாம் இல்லையா, அதே கணக்கு.

ஃபிக் தன் வாழ்நாளில் ஒரு மனிதரிடமும் இதை அளந்து பார்க்கவில்லை. காரணம் எளிது. நுரையீரலுக்குள் நுழையப்போகும் ரத்தம் வேண்டுமென்றால் அதை இதயத்தின் வலது பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். உயிரோடு இருப்பவரின் இதயத்துக்குள் போவது எப்படி?

1929இல் பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற ஊரின் மருத்துவமனையில் வேலை பார்த்த வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. மேலதிகாரி அனுமதிக்கவில்லை. கருவிகளின் சாவியை வைத்திருந்த செவிலியரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த அம்மாள் தன் மேலேயே சோதனை செய்யச் சொல்லி முன்வந்தார். ஃபோர்ஸ்மான் அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, அவருக்குத் தெரியாமல் தன் சொந்தக் கையின் சிரைக்குள், சிறுநீர்ப் பாதைக்கென்று செய்யப்பட்ட மெல்லிய குழாய் ஒன்றை 65 சென்டிமீட்டர் வரை செலுத்திக்கொண்டார். பிறகு அந்தக் குழாயோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், நுனி இதயத்தில் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். அந்தச் செவிலியர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். வரலாறு அவரைக் கட்டிப்போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

1940களில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்சும் அதே வழியைப் பயன்படுத்தி ஃபிக்கின் கணக்கை நோயாளிகளிடம் முறையாகப் போட்டுக் காட்டினார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த நேரத்தில் ஃபோர்ஸ்மான் இதயத்தை எப்போதோ விட்டுவிட்டு, ஒரு சிறு நகரத்தில் சிறுநீரக மருத்துவராக இருந்தார். இன்று ஆஞ்சியோவுக்குக் கையிலோ தொடையிலோ நுழைக்கும் கதீட்டருக்கு முன்னோடி, அந்தப் படியில் இறங்கிப்போன குழாய்தான்.

உடம்பைத் துளைக்காமல் ஓட்டத்தை அளக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் வானத்திலிருந்து வந்தது. 1842இல் பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். நெருங்கி வரும் மூலத்திலிருந்து வரும் அலை நெருக்கமாகவும், விலகிப்போகும் மூலத்தின் அலை தளர்ந்தும் நம்மை வந்தடையும் என்றார். நட்சத்திர நிறத்தைப் பற்றி அவர் சொன்னது தவறு. அலையைப் பற்றிச் சொன்னது சரி. மூன்று ஆண்டு கழித்து நெதர்லாந்தில் ஒருவர் ரயில் பெட்டியில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றி, சுருதி பிசகாத காதுள்ள இசைக்காரர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிறுத்திச் சோதித்துப் பார்த்தார். ரயில் நெருங்கும்போது சுருதி ஏறியது, கடந்துபோனதும் இறங்கியது.

இதை ரத்தத்தோடு சேர்த்தவர்கள் ஜப்பானியர்கள். ஒசாகா பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஷிகேயோ சதோமுரா 1950களின் நடுவில் மீயொலியை மார்பின் வழியே செலுத்தி, இதயச் சுவரும் வால்வும் அசைவதால் திரும்பி வரும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைப் பதிவு செய்தார். பிறகு ரத்தக்குழாயின் மேல் கருவியை வைத்தபோதும் ஒரு இரைச்சல் வந்தது. எங்கிருந்து வருகிறது என்பது முதலில் விளங்கவில்லை. ரத்தத்தின் சுழிப்பு என்று நினைத்தார்கள். சிவப்பணுக்கள் ஒவ்வொன்றும் ஒலியைச் சிறிது சிறிதாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன என்பது பின்னால்தான் தெளிவானது. சதோமுரா 1960இல், இளம் வயதிலேயே, இறந்துபோனார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சியாட்டிலில் ஃபிராங்க்ளின், ஷ்லெகல், ரஷ்மர் மூவரும் ரத்தத்திலிருந்து சிதறித் திரும்பும் ஒலியை வைத்து ஓட்டத்தை அளந்து வெளியிட்டார்கள்.

இதில் இயற்கை நமக்குச் செய்த ஒரு சலுகை இருக்கிறது. உடம்பின் திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. 20 லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள மீயொலியை அனுப்பினால், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேராக வரும் ரத்தம் அதை ஏறக்குறைய 2,600 ஹெர்ட்ஸ் மாற்றித் திருப்பி அனுப்பும். அனுப்பிய ஒலி எந்த மனிதக் காதுக்கும் கேட்காது. மாற்றம் மட்டும் நன்றாகக் கேட்கிற வரம்புக்குள் வந்து விழுகிறது! கால் ரத்தக்குழாய்க்கு டாப்ளர் எடுக்கும்போது கேட்கும் 'உஷ்... உஷ்...' சத்தம் ரத்தம் ஓடும் சத்தம் அல்ல. போன ஒலிக்கும் வந்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றில் கருவியை வைத்ததும் குதிரை ஓடுவது போலக் கேட்பதும் இந்த வித்தியாசமே.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒலிக்கற்றை ஓட்டத்தின் திசையிலேயே இருந்தால்தான் முழு வேகமும் தெரியும். சாய்ந்திருந்தால் குறைவாகத் தெரியும். செங்குத்தாக வைத்தால் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வேகம் பூஜ்யம் என்று காட்டும். சாய்கோணம் எவ்வளவு என்று திரையில் ஒரு கோட்டைத் திருப்பி, பரிசோதிப்பவரே கருவிக்குச் சொல்ல வேண்டும். 60 டிகிரி என்று சொன்ன இடத்தில் உண்மையில் 65 ஆக இருந்தால் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் கழுத்துத் தமனிக்கு டாப்ளர் எடுக்கும்போது கோணம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வேகத்திலிருந்து அளவுக்குப் போவதில் இன்னொரு பள்ளம். வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்க வேண்டும், பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 சென்டிமீட்டர் விட்டத்தை 2.2 என்று அளந்துவிட்டால் ஓட்டம் 21 சதவீதம் கூடிவிடும். இரண்டு மில்லிமீட்டர் கைப்பிசகு, ஐந்து லிட்டர் இதயத்தை ஆறு லிட்டர் ஆக்கிவிடுகிறது.

அளவில் இப்படித் தடுமாறும் டாப்ளர், அழுத்தத்தைச் சொல்வதில் அசத்தியது. இந்தப் பகுதியில்தான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இருக்கிறது. நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் 1970களின் பிற்பகுதியில் இதய மருத்துவர் லிவ் ஹாட்லேயும் பொறியாளர் பியோர்ன் ஆங்கெல்சனும் சேர்ந்து வேலை செய்தார்கள். வால்வு சுருங்கினால் அதன் வழியே ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போகும், தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவது போல. அந்த வேகம் தெரிந்தால் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். சூத்திரம் 1738இலேயே டேனியல் பெர்னூலி வெளியிட்டது. தற்செயலாக அவரும் மருத்துவம் படித்தவர். சுருக்கிப் பார்த்தால் மிச்சம் நிற்பது இவ்வளவுதான்: வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கு. விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயே மகாதமனி; இன்றும் அதன் வாயிலில் உள்ள வால்வின் சுருக்கம் தீவிரமா என்று தீர்மானிக்கும் எல்லை அந்த 4 மீட்டர்தான். அதற்கு முன் இந்த எண்ணைப் பெற இதயத்துக்குள் கதீட்டரைச் செலுத்தியாக வேண்டும். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் ஏராளமாக உள்ள நம் நாட்டில், ஜெல் தடவிப் பார்க்கும் எக்கோ அறையிலேயே இந்தக் கணக்கு முடிந்துவிடுவது எத்தனை பேரை ஊசியிலிருந்து காப்பாற்றியிருக்கும்!

எக்கோ என்ற கருவியின் பிறப்பே இரவல்தான். 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்சும் இதயத்தின் எக்கோவை முதலில் பிடித்துப் பார்த்தது, உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்க மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் வைத்திருந்த கருவியைக் கொண்டு. 1980களில் வந்த வண்ண டாப்ளரும் அப்படியே. ஜப்பானின் அலோகா நிறுவனத்தில் சிஹிரோ கசாய், கோரோகு நமேகவா குழுவினர், நகரும் பொருளைப் பிரித்துக் காட்ட ரேடாரில் பயன்பட்ட கணக்குமுறையின் வழியில் போய், திரையில் ரத்த ஓட்டத்துக்கு நிறம் பூசினார்கள். அந்த நிறம் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு தமனி, நீலம் சிரை என்று பலரும் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். வழக்கமான அமைப்பில் சிவப்பு என்றால் கருவியை நோக்கி வரும் ரத்தம், நீலம் என்றால் விலகிப்போவது. கருவியை எதிர்ப்பக்கம் சாய்த்தால் அதே தமனி நீலமாகிவிடும். ஓட்டம் மிக வேகமானால் நிறமே தடம் புரண்டு எதிர் நிறத்துக்குத் தாவும், திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போல.

இரவல் வாங்கிய கதைகளில் ஒரு தோல்வியும் உண்டு. ஓடும் நீர் மின்கடத்தி, பூமி ஒரு காந்தம், எனவே ஆற்றில் மின்னழுத்தம் தோன்ற வேண்டும் என்று நினைத்த மைக்கேல் ஃபாரடே 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் நதிக்குள் கம்பிகளை இறக்கினார். உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. 104 ஆண்டு கழித்து அலெக்சாண்டர் கோலின் அதே தத்துவத்தை, தமனியைச் சுற்றி ஒரு காந்தத்தை வைத்துச் செய்து காட்டினார். நதிக்குப் பலிக்காதது நாளத்துக்குப் பலித்தது. ஆனால் குழாயை அறுத்து வெளிக்கொணர வேண்டியிருந்ததால் அது அறுவை அரங்கோடும் ஆய்வுக்கூடத்தோடும் நின்றுவிட்டது.

ஓட்டத்தை அளக்கப் புறப்பட்டு வேறு ஒன்றைக் கண்டுபிடித்தவர் தகுவோ அவோயாகி. டோக்கியோவின் நிஹோன் கோடென் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் செய்ய நினைத்தது, சிரையில் சாயத்தைச் செலுத்தி, அது காதுமடலில் எப்படி நீர்த்துப்போகிறது என்று ஒளியால் பார்த்து இதயம் இறைக்கும் அளவைக் கணக்கிடுவது. நாடித் துடிப்பு ஒவ்வொரு முறையும் வளைகோட்டைக் குலைத்தது. இரண்டு நிற ஒளிகளை வைத்து அந்தத் துடிப்பைக் கழித்துவிடப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினால் கழித்தல் கெட்டுப்போனது. தொல்லை என்று துரத்தியதே விடை என்பது அவருக்கு அப்போது உறைத்தது: துடிப்பை வைத்தே ஆக்சிஜனைச் சொல்லலாம். அதுதான் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனா நாட்களில் மருந்துக் கடைகளில் தேடி அலைந்து வாங்கி, மணிக்கொரு தரம் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அது. அந்தக் கருவிக்காக உலகமே அலைந்துகொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவோயாகி 84 வயதில் காலமானார். அவர் தேடிய ஓட்டத்தைப் பற்றி அந்தக் கருவி எண்ணாக எதுவும் சொல்வதில்லை. விரல் சில்லிட்டு ஓட்டம் குறைந்தால் எண்ணே வராமல் கோடு மட்டும் காட்டும்.

மூளைக்கு வந்தால் இந்தச் சுற்றுவழி இன்னும் நீளம். 1880களை ஒட்டி இத்தாலியின் ஆஞ்சலோ மோசோ, மண்டையோட்டில் காயம்பட்டுத் திறப்பு விழுந்திருந்த ஒரு விவசாயியின் மூளைத் துடிப்பைப் பதிவு செய்தார். நண்பகல் தேவாலய மணி அடித்ததும் மூளையின் துடிப்பு பெரிதானது, முன்கையின் துடிப்பில் மாற்றமில்லை. எட்டும் பன்னிரண்டும் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டபோதும் அதேதான். வேலை செய்யும் மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது. 1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா, ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் கலைக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, எலி மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் சிரைகள் கருங்கோடுகளாகத் தோன்றுவதையும் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அவை மறைவதையும் காட்டினார். செய்தித்தாள்களில் 'காதலிக்கும்போது ஒளிரும் மூளை' என்று வண்ணப்படம் வருகிறதே, அதன் அடிப்படை இதுதான். நரம்பு வேலை செய்கிறது, அதனால் ரத்தம் கூடுகிறது, அதனால் ஆக்சிஜன் விகிதம் மாறுகிறது, அதனால் காந்தப்புலம் மாறுகிறது. நாம் கடைசிக் கண்ணியை மட்டும் பார்க்கிறோம். புள்ளிவிவரத்தில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் படங்களைக் காட்டினார்கள். மீனின் மூளையிலும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது.

இனி அந்த எண்பது, எழுபது, ஐம்பதுக்கு வரலாம். 1974இல் லான்ஸ் கூல்ட், நாய்களின் இதயத் தமனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பார்த்தார். ஓய்வு நிலையில், விட்டம் 85 சதவீதம் வரை குறுகும்வரை ஓட்டம் ஏறக்குறைய மாறவே இல்லை. கீழே உள்ள நுண்குழாய்கள் விரிந்து ஈடுகட்டிவிட்டன. ஓட்டம் உச்சத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் மட்டும் பாதி அடைப்புக்கு முன்பே குறை தெரிந்தது. ஆக, அடைப்பின் படத்தைப் பார்த்து அதன் கேட்டைச் சொல்வது கடினம் என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

1990களில் நெதர்லாந்தின் நிகோ பைல்சும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி ப்ருய்னவும் நுனியில் அழுத்தமானி உள்ள மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தினார்கள். மருந்து கொடுத்து நுண்குழாய்களை முழுவதும் விரியவைத்து, அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தார்கள். விடை 0.80 என்றால், அடைப்பே இல்லாதிருந்தால் கிடைக்கக்கூடிய உச்ச ஓட்டத்தில் 80 சதவீதம் கிடைக்கிறது என்று பொருள். எஃப்.எஃப்.ஆர். என்று இதைச் சொல்கிறார்கள். 2009இல் வெளிவந்த ஃபேம் ஆய்வில் 1,005 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிக்குப் படத்தைப் பார்த்தும் மறுபாதிக்கு இந்த எண்ணைப் பார்த்தும் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். முதல் குழுவுக்குச் சராசரி 2.7 ஸ்டென்ட், இரண்டாம் குழுவுக்கு 1.9. ஓர் ஆண்டில் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை என ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் முதல் குழுவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2. குறைவாக வைத்தவர்கள் மேலாக இருந்தார்கள். படத்தில் 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் ஓட்டத்தை உண்மையில் பாதித்தது. 71 முதல் 90 என்று தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று பாதிக்கவில்லை.

கம்பியும் வேண்டாம், சி.டி. ஸ்கேன் படத்திலிருந்தே ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுவிடலாம் என்று ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் டெய்லர் தொடங்கிய வேலை, 2014இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. குழாய்களின் வடிவத்தைப் படத்திலிருந்து எடுத்து, பாய்ம இயக்கவியல் சமன்பாடுகளை அதன் மேல் ஓடவிடுகிறார்கள். வடிவம் தெரிந்தால் போதாது, அந்த இதயம் எவ்வளவு ரத்தத்தைக் கேட்கிறது என்பதும் தெரிய வேண்டுமே? அதையும் படத்திலிருந்தே எடுக்கிறார்கள்: இதயத் தசையின் எடையைக் கணக்கிட்டு, இவ்வளவு தசைக்கு இவ்வளவு ரத்தம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.